நாய் போகலாம்

சென்னையில் நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு தீராத மனக்குறை. நாயோடு நடக்க இடமில்லை. லிஃப்டில் ஏற்றினால் குடியிருப்போர் சங்கம் சண்டைக்கு வருகிறது. பூங்கா வாசலில் நாய்ப் படம் வரைந்து அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலமே புரூனோவைக் காரின் பின்சீட்டில் ஏற்றி, ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி நெருங்க நெருங்க 'பெட் ஃப்ரெண்ட்லி' விடுதிகள். நாய்க்கு அங்கே மெத்தை உண்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி உண்டு. விடுதியை விட்டு வெளியே வந்து காலார நடக்கத்தான் வழி தெரியவில்லை. ஆற்றங்கரை வேண்டும், சதுப்பு நிலம் வேண்டும், வரப்பு வேண்டும், கடைசியில் சாதுவான கிராமம் ஒன்றும் வேண்டும். எல்லாம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறதாம், வழிகாட்டிதான் இல்லையாம்.

அந்தக் குறையை இன்றோடு தீர்த்துவைக்கிறேன். சுற்றுலாத் துறை விரும்பினால் இதை அப்படியே வழவழத் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். சன்மானம் வேண்டாம்.

வழிகாட்டியே இல்லை என்பதும் அபாண்டம். சங்க காலத்திலேயே ஒன்று எழுதி முடித்துவிட்டார்கள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. கடலோர எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாக அரசனின் கிடங்கிலுக்குப் போகச் சொல்கிறது. அந்தக் கிடங்கில்தான் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் அடங்கிக் கிடக்கும் கிடங்கல். பாட்டில் நாயும் உண்டு. பாணன் வீட்டு இடிந்த அடுக்களையில் குட்டி போட்ட தாய்நாய். பால் வற்றிய மடியைக் கண் திறக்காத குட்டிகள் இழுக்க, வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. வீட்டுக்காரர்களுக்கும் அன்று உப்பில்லாத கீரைதான் சாப்பாடு. நடையும் நாயும் சேர்ந்து வரும் நம் பழைய வழிகாட்டி பசியைப் பற்றியது. புதிய வழிகாட்டி ஜீரணத்துக்கானது. அந்த அளவுக்கு நாடு முன்னேறியிருக்கிறது.

கார் இல்லாதவர்கள் விழுப்புரம் சந்திப்பில் ரயிலைவிட்டு இறங்கலாம். ரயில்வேயிடம் நாய்க்குத் தெளிவான விதி இருக்கிறது: முதல் வகுப்பு ஏசியில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் எசமானரோடு பயணம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு. பணம் இருக்கிற நாய், இல்லாத நாய் என்ற இந்தப் பிரிவினையைக் குறைசொல்ல முடியாது. அன்ரிசர்வ்டு பெட்டியில் விழுப்புரம் வருகிற மனிதர்களைப் பார்த்த எவருக்கும் அந்தக் கூண்டின்மேல் லேசான பொறாமை வரும்.

முதல் நடை, விழுப்புரம் புதிய பேருந்து நிலையம். சதுப்பு நிலம் கேட்டீர்களே, இதுதான். ஏரிக்குள் கட்டிய பேருந்து நிலையம். வெயிலில் பேருந்து நிலையமாக இருக்கும். இரண்டு நாள் மழை பெய்தால் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு ஐப்பசியிலும் செய்தித்தாள்கள் பேருந்துகள் நீந்துகிற படம் போடுகின்றன, ஒவ்வொரு ஐப்பசியிலும் அதிகாரிகள் பார்வையிடுகிறார்கள், மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். தண்ணீர் தன் பட்டாவைத் தேடி வருகிறது என்று ஒருவரும் கோப்பில் எழுதுவதில்லை. நாய்க்கு நீச்சல் பழக்க விரும்புகிறவர்களுக்கு உகந்த இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. கழிப்பறைக்கு மட்டும் உண்டு.

இரண்டாவது நடைக்குத் தென்பெண்ணைக் கரை. தளவானூரில் நின்று பாருங்கள். விழுப்புரம் பக்கம் தளவானூர், எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலம். இரண்டுக்கும் நடுவே 25.35 கோடி ரூபாயில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020-இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஒரு பக்கம் பெயர்ந்துகொண்டு போய்விட்டது. பொறியாளர்கள் நான்கு பேரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அத்தனை கோடியும் நான்கு பொறியாளர்களின் பாக்கெட்டில் இருந்ததுபோல ஊருக்கு ஒரு தோற்றம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் போயிற்று. மிச்சம் நின்ற பகுதி தண்ணீரைக் கரைப் பக்கம் திருப்பி ஊரை அரிக்கிறது என்று, கட்டிய அரசே வெடிவைத்துத் தகர்த்தது. பட்டாசுக்கும் ஒரு ஆயுள் உண்டு. தீபாவளிக்கு வாங்கினால் கார்த்திகைக்காவது மிஞ்சும். அதே நவம்பரில் மேற்கே எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. ஆனால் அது 1950 வாக்கில் கட்டியது, எழுபது ஆண்டு வெள்ளத்தைத் தாங்கிக் கிழமாகிச் செத்தது. தளவானூர் அணை பால்பல் விழுவதற்கு முன்பே செத்தது. கான்கிரீட் துண்டுகளின்மேல் நாயை நிறுத்திப் படம் எடுத்தால் அழகாக வரும். நாயை நன்றாக மோப்பம் பிடிக்கவும் விடுங்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எட்டாதது அதற்கு எட்டலாம்.

ஆற்றுக்குள் இறங்கி நடக்க ஆசை இருந்தால் பள்ளம் பார்த்து நடக்க வேண்டும். மணல் இருந்த ஆறுகளில் நாய் ஓடும். மணல் போன ஆறுகளில் களிமண்ணும் முள்ளும்தான். தென்பெண்ணைக் கரையில் ஊற்று தோண்டிக் குடித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் எத்தனை அடி மணல் இருந்தது என்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள். அந்த மணல் இப்போது சென்னையில் பன்னிரண்டாவது மாடியாக நிற்கிறது. அந்த மாடியில்தான் புரூனோவுக்கு நடக்க இடமில்லை.

வெள்ள காலத்தில் வருவதானால் முன்கூட்டியே அணையிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. ஐந்து முறை கொடுத்தோம் என்றது. தூங்குகிறவன் கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்த பிறகுதான் அந்த ஐந்தாவது எச்சரிக்கை பல ஊர்களுக்குப் புரிந்தது. மாடு போயிற்று, நெல் போயிற்று, கரும்பு படுத்தது. கட்டிப்போட்டிருந்த நாய்கள் என்னவாயின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுக்கிறவர் வந்தபோது அவருக்கும் வீடு மூழ்கியிருந்தது. மறுநாள் இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் பொன்முடிமேல் சேற்றை வாரி வீசினார்கள். மரபு மீறல் என்று கண்டித்தார்கள் சிலர். ஊரெல்லாம் சேறாகக் கிடக்க, பூமாலைக்கு எங்கே போவார்கள்?

இனிக் கழுவேலி. இங்கே கொஞ்சம் கிண்டலை நிறுத்திவைக்கிறேன், ஏனென்றால் இடம் அப்படி. வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்தது என்று சொல்வார்கள். மேற்கேயிருந்து ஏரிகளின் வடிகால் வந்து நிறைக்கிறது, கிழக்கே எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. நன்னீரும் உப்பும் கைகோத்து நிற்கும் அந்தச் சேற்றில் பூநாரை நிற்கும், சங்குவளை நாரை நிற்கும், கூழைக்கடா இறங்கும். வட ஆசியாவிலிருந்து பறந்து வருகிற மூக்கன்கள் குளிர்காலம் முழுவதும் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது தமிழக அரசு. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு ஒரே நாளில் வந்த பெருமை.

இங்கே நாயைக் கொண்டுவராதீர்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தரையில் முட்டையிடுகிற பறவைக்கு நாய் பக்கத்தில் வந்தாலே போதும், கூட்டை விட்டு எழுந்துவிடும். கழுத்துப்பட்டை போட்ட நாய்க்கும் மூக்கு மூக்குதான். புரூனோ ஒரு குதூகல ஓட்டம் ஓடினால் ஆயிரம் பறவைகள் எழும்பும், நீங்கள் அதைக் காணொளியாக எடுப்பீர்கள், பின்னணியில் பாட்டுப் போடுவீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேர்த்துவைத்த கொழுப்பை அந்தப் பறவைகள் உங்கள் பத்து விநாடிக்குச் செலவழித்திருக்கும்.

ஆனால் நாயைத் தடுக்கிற கை இறால் பண்ணையை எப்படித் தடவிக்கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கழுவேலியின் ஓரங்களைப் பண்ணையாகவும் வயலாகவும் வரப்புக் கட்டித் தின்ற கதை ஊரறிந்தது. சரணாலயம் என்று பலகை நட்டதும் முதலில் விரட்டப்படுகிறவர் ஆடு ஓட்டிவருகிற கிழவி, அடுத்தவர் கோரை அறுக்கிறவர், அதற்கடுத்து தூண்டில்காரர். குட்டைக்கு ஏற்றுகிற மோட்டார்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தம் மட்டும் எந்த வனக்காவலர் காதுக்கும் கேட்பதில்லை. மரக்காணம் உப்பளத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உப்பு வாருகிற பெண்களைக் கேட்டால் இந்தப் பக்கம் யார் வந்தால் கேட் திறக்கும், யார் வந்தால் விசில் ஊதுவார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட சாதுவான கிராமம். கோலியனூர்ப் பக்கம் மேல்பாதி என்று ஓர் ஊர் இருக்கிறது. வயல், வரப்பு, தென்னை எல்லாம் உண்டு. ஊருக்கு நடுவே தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். இந்த மாவட்டத்துக்குத் திரௌபதி அம்மன் சொந்தக்காரி மாதிரி; தாய்க்கோயில் என்று கொண்டாடப்படுவது செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியில். சித்திரை வைகாசியில் ஊருக்கு ஊர் பாரதம் படிப்பார்கள், கூத்து விடிய விடிய நடக்கும், அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், துரியோதனன் படுகளத்தில் சாவான், முடிவில் தீமிதி. பாரதக் கதை இங்கே பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும்.

தர்மராஜாவின் கடைசி நடையும் தெரியும். அரசைத் துறந்து அண்ணன் தம்பி ஐவரும் திரௌபதியும் வடக்கே நடக்கிறார்கள். கூடவே ஒரு நாய். ஒவ்வொருவராக விழுந்து இறக்க, மிஞ்சியது தருமனும் நாயும். இந்திரன் தேரோடு வந்து, நீ மட்டும் ஏறு, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று நின்றவன் தருமன். உலகத்திலேயே பெரிய நாய் நடை அதுதான்; எந்த விடுதிக்காரரும் இன்னும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளாதது ஆச்சரியம்.

அந்தத் தருமன் பெயரால் நிற்கிற கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது தலித் இளைஞர்கள் போனார்கள். அடித்து விரட்டினார்கள். நாயை விட்டு உள்ளே வரமாட்டேன் என்றவன் சன்னிதியில், பக்கத்துத் தெரு மனிதன் உள்ளே வரக்கூடாது என்றார்கள். எங்கள் சொந்தக் கோயில் என்றது ஒரு தரப்பு. அறநிலையத் துறைக் கோயில் என்றது அரசு. பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தைக்கு மேல் பேச்சுவார்த்தை, டீ, பிஸ்கட். 2023 ஜூன் 7 அன்று கோட்டாட்சியர் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தார். அடித்தவர், அடிபட்டவர் இரண்டு பேருக்கும் ஒரே பூட்டு; சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள், பக்தர்களுக்கு இல்லை. 2025 ஏப்ரல் 17 அன்று, பூட்டிய 22 மாதம் கழித்து, போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அத்தனை காலமும் அந்தத் தெருவில் சுற்றித் திரிந்த மணிக்கும் கறுப்பனுக்கும் எந்தக் கோட்டாட்சியரும் தடை போட்டதில்லை. கோயில் திண்ணையில் படுத்துத் தூங்கிய நாயை எழுப்பித் தீட்டுக் கழித்தார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை.

இது புதிய வேடிக்கையும் அல்ல. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நாய் நடந்தது, மாடு நடந்தது, ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்று பலகை இருந்தது. அதை உடைக்கப் போய்த்தான் ஈரோட்டுக்காரர் ஒருவர் சிறைக்குப் போனார். 1927-இல் மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் மாடும் நாயும் வாய்வைத்த குளத்தில் அம்பேத்கர் போய்க் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். நம் தென் மாவட்டச் சில ஊர்களில் சேரிக்காரர்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடே இருந்ததைக் களத்துக்குப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு சேர்ந்துவிடுமாம். ஆக, நாய்க்கும் முழுச் சுதந்திரம் இல்லை. சொந்தக்காரன் யார் என்று பார்த்துத்தான் அதற்கும் சாதிச் சான்றிதழ்.

விழுப்புரம் இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் வைத்திருக்கிறது. 1978 ஜூலையில் இந்த நகரத்துக்குள்ளேயே 12 தலித்துகளை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். எந்தச் சுற்றுலாத் துண்டறிக்கையிலும் அந்த இடத்துக்கு அம்புக்குறி இருக்காது.

நாய்மேல் எனக்குக் கோபமில்லை. நாய்ப் பிரியர்கள்மேல்கூட இல்லை. அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஊர்வலம் போனார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள், நடிகர்கள் கண்கலங்கினார்கள், ஆங்கிலத் தொலைக்காட்சி ராத்திரி முழுவதும் அழுதது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு உத்தரவை மாற்றியது: கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பதினோரு நாள்! தன் தெருவில் நடக்கிற உரிமை நாய்க்குப் பதினோரு நாளில் திரும்பக் கிடைத்தது. மேல்பாதிக்காரருக்கு 22 மாதம். இத்தனைக்கும் அவருக்காகச் சென்னை மாகாணம் 1947-லேயே கோயில் நுழைவுச் சட்டம் போட்டுவைத்திருந்தது. மேல்பாதிக்காக மெழுகுவத்தி ஏற்றிய சென்னை அடுக்ககம் ஒன்றின் முகவரி தெரிந்தால் அனுப்பிவையுங்கள்.

நாய் கடித்தால் யாரைக் கடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-இல் தமிழ்நாட்டில் நாய்க்கடிப் பதிவு ஏறத்தாழ 4.8 லட்சம், ரேபிஸில் செத்தவர்கள் 43 பேர். பின்சீட்டில் ஏசியில் போகிறவரை நாய் கடிப்பதில்லை. விடியற்காலை பால் கறக்கப் போகிறவரையும், டியூஷன் முடிந்து நடந்து வருகிற பிள்ளையையும் கடிக்கிறது. கருத்தடைக்கு ஒதுக்கிய பணம் தளவானூர் அணை போன வழியிலேயே போகாமல் இருந்திருந்தால் இரண்டு உயிர்களும் பிழைத்திருக்கும், நாயும் மனிதனும்.

ஆகவே நாயோடு வருகிறவர்களே, வாருங்கள். வரவேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் செய்யுங்கள். நடையை விடுதி வாசலிலிருந்து தொடங்காதீர்கள். ஏதாவது ஒரு காலனியிலிருந்து, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு தொடங்குங்கள். அவர்கள் பிணம் தூக்கிப்போகிற பாதையில் ஒரு தடவை நடந்து பாருங்கள். மழைக்காலமானால் வாய்க்கால் தண்ணீர் எதுவரை வருகிறது என்று உங்கள் உடம்பிலேயே அளந்துகொள்ளலாம். பிறகு ஊர்த் தெருவுக்குத் திரும்புங்கள். நாய் தன் பாட்டுக்கு முன்னால் ஓடும். கூட வந்தவர் எந்த முனையில், "நீங்க போய்ட்டு வாங்க சார், நான் இங்கேயே நிக்கிறேன்" என்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், கோயில் பெயர். திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். கட்டணம் கிடையாது.